இன்னொரு ‘அண்ணன்’ ஆகிவிடாதீர்கள்

வந்தது ஆறு பக்கக் கடிதம். சுருக்கித் தருகிறேன், ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் மாற்றிவிட்டேன். எழுதியவருக்கு 29 வயது, தனியார் கம்பெனி வேலை. வட சென்னையில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் மாலை மையத்துக்கு ஒன்றரை வருடமாகச் சனிக்கிழமைதோறும் போகிறார். அங்கே தன்னார்வலர் ஒவ்வொருவர் பொறுப்பிலும் ஒரு பிள்ளையை விடுவார்கள். வாரம் ஒருமுறை பார்த்துப் பேச வேண்டும், படிப்பில் உதவ வேண்டும், வழிகாட்டியாக இருக்க வேண்டும். இவருக்கு வந்தவன் 16 வயதுப் பையன். அப்பா இறந்து நாலு வருடம் ஆகிறது. அம்மா மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார், தண்டல் கடன் வேறு. பையன் பத்தாவதில் கணக்கில் ஃபெயில், அதோடு பள்ளிக்கூடம் பக்கம் போகவில்லை. கால்பந்து என்றால் உயிர்.

மூன்று வாரத்துக்கு முன்பு, மையத்தில் கேரம் போர்டில் பவுடர் தூவிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். ஏரியாவில் ஒரு ‘அண்ணன்’ பொட்டலம் கொடுப்பாராம், சொன்ன இடத்தில் சேர்த்தால் ஒரு நடைக்கு 500 ரூபாயாம். “யார்கிட்டயும் சொல்லக் கூடாதுண்ணா, அம்மா மேல சத்தியம் பண்ணு” என்றானாம். இவரும் சத்தியம் செய்துவிட்டார். அதற்கு முன்பே நிறுவனத்துக்குத் தெரியாமல் பையனுக்கு ஒரு ஃபோன் வாங்கித் தந்திருக்கிறார், தண்டல்காரனுக்கு 8,000 ரூபாய் கட்டியிருக்கிறார். இரண்டுமே அங்கே விதிப்படி கூடாது.

இப்போது தூக்கம் வரவில்லை என்று எழுதி, நாலு கேள்வி கேட்கிறார். சப்-இன்ஸ்பெக்டராக இருக்கும் நண்பரை விட்டு ஸ்டேஷனில் வைத்து ரெண்டு தட்டு தட்டி பயமுறுத்தச் சொல்லலாமா? கொஞ்ச நாள் தன் வீட்டிலேயே தங்க வைத்துக்கொள்ளலாமா? வெளியில் சொன்னால் சீர்திருத்தப் பள்ளியில் போட்டு அவன் வாழ்க்கையே போய்விடுமா? அல்லது இதெல்லாம் நமக்கு ஆகாது என்று விலகிவிடுவதுதான் நல்லதா?

தம்பி, முதலில் ஒன்று. உங்களிடம் அவன் அதைச் சொன்னதே பெரிய விஷயம். பதினாறு வயதில் பையன்கள் இந்த மாதிரி சமாச்சாரத்தைச் சும்மா சொல்ல மாட்டார்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் நான் பிள்ளைகளுக்காக ஆஜராகிப் பதினைந்து வருடம் ஆகிறது. வழக்கு வந்த பிறகு என் முன்னால் வந்து உட்காரும் பையன்களிடம், “இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது சொன்னியாப்பா?” என்று கேட்பேன். அனேகமாக உதட்டைப் பிதுக்குவார்கள். உங்கள் பையனுக்குச் சொல்ல ஒரு ஆள் இருந்திருக்கிறார். அந்த ஒன்றரை வருடச் சனிக்கிழமைகளுக்குக் கிடைத்த கூலி அது.

ஆனால் உங்கள் கடிதத்தின் நாலாம் பக்கத்தைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. இப்படி ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் பொட்டலக்காரர் பையனுக்கு என்ன செய்தார்? செலவுக்குக் காசு கொடுத்தார், வீட்டுக் கஷ்டத்தில் கை கொடுத்தார், “நமக்குள்ள இருக்கட்டும்” என்று வாயைக் கட்டினார், தன்னை அண்ணன் என்று கூப்பிட வைத்தார். நீங்கள் என்ன செய்தீர்கள்? ஃபோன், தண்டல் பணம், யாருக்கும் சொல்லாத சத்தியம், அதே ‘அண்ணா’. உங்கள் மனசு வேறு, அவர் மனசு வேறு, அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. பையன் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் வந்து நிற்கிறீர்கள். ரகசியமாகக் கொடுக்கிற பெரியவர்களோடு எப்படிப் பழக வேண்டும், யாரிடம் எதை மறைக்க வேண்டும் என்பதுதான் அவனுக்குப் படிந்திருக்கிறது, அதில் ஒரு பாடத்தை நீங்களே நடத்தியிருக்கிறீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நல்ல மனசோடு செய்த உதவி கெடுதலில் முடிந்ததற்குப் பழைய உதாரணமே இருக்கிறது. 1939-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்ற இரண்டு பக்கத்து ஊர்களில் 506 பையன்களை எடுத்து, ஒரே மாதிரியான ஜோடிகளாகப் பிரித்து, ஜோடியில் ஒருவனுக்கு மட்டும் உதவினார்கள். ஆலோசகர் வீட்டுக்கு வருவார், பாடம் சொல்லித் தருவார், வைத்தியம் பார்ப்பார், கோடைக்கால முகாமுக்கு அனுப்புவார், இப்படிச் சராசரியாக ஐந்து வருடம். முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற குற்றவியல் ஆய்வாளர் அவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்து, 1978-ல் முடிவை வெளியிட்டார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர், “எனக்கு நல்லது நடந்தது” என்றே சொன்னார்கள். கணக்கெடுத்துப் பார்த்தால், குடி, மனநோய், இளவயதுச் சாவு, மறுபடி மறுபடி குற்றம் என்று பல விஷயத்தில் உதவி பெறாதவர்களைவிட இவர்கள் மோசமாக இருந்தார்கள். ஆலோசகரையே சார்ந்து இருந்து பழகியது ஒரு காரணம் என்றார் மெக்கார்ட். பிற்பாடு பார்த்தபோது, கெடுதல் அதிகம் தெரிந்தது முகாமுக்குத் திரும்பத் திரும்பப் போன பையன்களிடம். ஒரே மாதிரிப் பையன்களை ஒரே இடத்தில் அடைத்தால் அவர்களுக்குள் ஒரு தனிப் பள்ளிக்கூடம் ஆரம்பித்துவிடும், அதற்கு வாத்தியார் தேவையில்லை.

இதைச் சொல்வது வழிகாட்டுவதே வீண் என்பதற்காக இல்லை. எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஸ்டேஷன் யோசனையைக் கைவிடுங்கள்

உங்கள் நண்பர் நல்லவராகவே இருக்கட்டும். பையன்களைச் சிறைக்குக் கூட்டிப் போய்க் காட்டி, கைதிகளை விட்டு மிரட்ட வைக்கும் திட்டங்களை அமெரிக்காவில் பல வருடம் நடத்தினார்கள். அவற்றை முறையாக ஒப்பிட்டுச் சோதித்த ஒன்பது ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மிரட்டப்பட்டவர்கள்தான் பிறகு அதிகம் குற்றத்தில் சிக்கினார்கள். ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தாலே தேவலை என்பதுதான் முடிவு.

நம்மூரில் இதற்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, உங்கள் நண்பருக்கு அது கட்டாயம் தெரியும். பையன் ஸ்டேஷன் வாசலில் இறங்குவதை ஒரு டீக்கடைக்காரர் பார்த்தால் போதும். வழக்கு ஒன்றும் இல்லாமல் ஒரு மணி நேரத்தில் அவன் வெளியே வந்தால், ஏரியாவில் ‘போலீஸுக்கு ஆள் காட்டி’ என்று பெயர் விழுந்துவிடும். அந்த அண்ணன் காதுக்கு அது போக எத்தனை நேரமாகும்? அன்றைக்கு ராத்திரி அவனுக்குக் காவல் யார் இருப்பது, நீங்களா?

தவிர, பிள்ளையை அடிக்கச் சொல்லி நீங்களே ஏற்பாடு செய்வது சட்டப்படியும் தப்பு. 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைப் போலீஸ் பிடித்தால் லாக்-அப்பில் வைக்கக் கூடாது. குழந்தைகள் நலக் காவல் அலுவலர் பொறுப்பில் விட வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும், பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும். நட்புக்காகச் செய்கிற ‘அட்வைஸு’க்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை.

‘வாழ்க்கையே போய்விடும்’ என்ற பயம்

இதில் பாதி சினிமாவில் பார்த்தது, மீதி தெருவில் கேட்டது. 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இவனைப் போன்ற பிள்ளையை இரண்டு விதமாகப் பார்க்க இடம் தருகிறது. பொட்டலத்தோடு பிடிபட்டால் அவன் ‘சட்டத்துக்கு முரண்பட்ட சிறார்’, அதாவது குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் பிள்ளை. பிடிபடுவதற்கு முன்பே யாராவது கவனித்தால், போதைப் பழக்கத்திலோ கடத்தலிலோ இழுக்கப்படக் கூடிய நிலையில் இருக்கும் பிள்ளை என்று, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுபவர்கள் பட்டியலிலேயே அவன் வருகிறான். முதல் வழி குழுமத்துக்குப் போகிறது, இரண்டாவது வழி குழந்தைகள் நலக் குழுவுக்கு. அந்த இரண்டாவது கதவு உங்களுக்கு இன்றைக்குத் திறந்திருக்கிறது. அவன் மாட்டிக்கொண்ட பிறகு அதே சுலபத்தோடு திறக்காது, அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

நலக் குழுவில் ஒரு தலைவர், நாலு உறுப்பினர்கள். போலீஸ்தான் பிள்ளையைக் கூட்டிப் போக வேண்டும் என்றில்லை, தொண்டு நிறுவனம் போகலாம், பொதுநல அக்கறையுள்ள எவரும் போகலாம், பிள்ளையே நேரில் போய் நிற்கலாம். “உடனே ஹோமில் போட்டுவிடுவார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அம்மா பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கூடியவராக இருந்தால், அவரிடமே விட்டு மேற்பார்வைக்கு ஏற்பாடு செய்யலாம். நடைமுறையில் எல்லா இடத்திலும் எல்லாம் கச்சிதமாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன், கதவுக்கு வெளியே அரை நாள் காத்திருக்க வேண்டி வரலாம், உட்கார நாற்காலி கிடைக்காமல் போகலாம்.

சரி, மாட்டிக்கொண்டால்? கஞ்சா என்றால் அளவுதான் முக்கியம். ஒரு கிலோவுக்குக் குறைவு என்றால் சிறிய அளவு, பெரியவர்களுக்கே அதிகபட்சம் ஒரு வருடத் தண்டனை, சிறார் விஷயத்தில் அது சிறு குற்றக் கணக்கில் வரும். 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. அப்போது குறைந்தபட்ச தண்டனையே பத்து வருடம் என்பதால் அது கொடுங்குற்றம் ஆகிறது. உங்கள் பையனுக்கு 16 முடிந்துவிட்டது என்பதால், அவனைப் பெரியவர் போல விசாரிக்கலாமா என்ற பரிசீலனைகூட வரலாம். அவன் பாக்கெட்டில் இருப்பது சின்னப் பொட்டலமாக இருக்கலாம். ஆனால் “இந்தப் பையைப் போய் வாங்கிட்டு வாடா” என்று ஒருநாள் ரயிலுக்கு அனுப்பினால், பைக்குள் எத்தனை கிலோ இருக்கிறது என்று அவனுக்கு யார் சொல்லப் போகிறார்கள்? மாத்திரை அட்டை என்றால் வேறு சட்டங்களும் வரும். பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று நீங்கள் துருவிக் கேட்க வேண்டாம், அதைக் கையில் வாங்கவே வாங்காதீர்கள், “நான் வச்சுக்கிறேன், நீ போ” என்ற வீரம் வேண்டவே வேண்டாம்.

ஜாமீனும் பெரியவர்களுக்கு மாதிரி இல்லை. பிணை தரத்தக்க குற்றமா இல்லையா என்ற பேதம் இல்லாமல், சிறாரை விடுவிப்பதுதான் விதி. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, நீதிக்குக் கேடு என்று நம்பக் காரணம் இருந்தால் மட்டுமே மறுக்கலாம். அந்தச் சமயத்தில்தான் அவன் பக்கம் நிற்க ஆள் இருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். பெரும்பாலான பையன்கள் விஷயத்தில் அது முடிவது அறிவுரை, ஆலோசனை, சமூகசேவை, நன்னடத்தை அலுவலர் மேற்பார்வை என்ற அளவில்தான். சிறப்பு இல்லத்தில், அதாவது நீங்கள் சீர்திருத்தப் பள்ளி என்று சொல்வதில், வைத்தால்கூட அதிகபட்சம் மூன்று வருடம். பெரியவராக விசாரிக்கப்பட்டால் ஒழிய, அந்த வழக்கு அவனுடைய வேலைக்கோ படிப்புக்கோ தகுதிக் குறைவாகாது என்றும் சட்டத்தில் தனியாக எழுதியிருக்கிறது.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும், நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். பையன் கோப்பையோடு நிற்கும் படத்தை, ‘தப்பான வழியில் போக இருந்தவன், இன்று சாம்பியன்’ என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டீர்களாமே. இனிமேல் தயவுசெய்து வேண்டாம். நலக் குழு முன்போ குழுமத்தின் முன்போ வந்த பிள்ளையின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. அன்றைக்கு அவன் எந்தக் குழு முன்பும் இல்லை, உங்கள் மேல் வழக்கு வராது. ஆனால் அவனுடன் கால்பந்து ஆடுகிற பையன்களும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள் இல்லையா.

வீட்டில் தங்க வைப்பது, பணம், ஃபோன்

தங்க வைப்பது வேண்டாம். நீங்கள் அவனுக்குச் சட்டப்படி யாரும் இல்லை. தற்காலிகமாக ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தகுதியான நபர் என்று, விசாரித்துப் பார்த்து, குழுமமோ நலக் குழுவோ ஒருவரை அங்கீகரிக்கலாம், அது அவர்கள் எடுக்கும் முடிவு. நாமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்வதற்குப் பெயர் வேறு. நாளைக்கு யாராவது ஒரு புகார் கொடுத்தால், கல்யாணமாகாத 29 வயது ஆண் 16 வயதுப் பையனைத் தன் அறையில் வைத்திருந்தார் என்றுதான் எஃப்.ஐ.ஆர். ஆரம்பிக்கும். உங்களை அப்படி நினைத்து எழுதவில்லை. ஆனால் மையங்கள் ‘தனியாகச் சந்திக்காதே, வீட்டுக்குக் கூட்டிப் போகாதே’ என்று விதி வைப்பது பிள்ளைகளைக் காப்பாற்றத்தான், அது உங்களையும் சேர்த்தே காப்பாற்றுகிறது. அம்மாவுக்கும் இது எத்தனை வலிக்கும் என்று யோசித்தீர்களா? மூன்று வீட்டுப் பாத்திரம் தேய்த்து வளர்த்த பிள்ளையை, சனிக்கிழமை வருகிற ஒரு சார் கூட்டிப் போய்விட்டார் என்றால்?

உங்கள் 8,000 ரூபாய் ஒரு மாதத் தண்டலை அடைத்திருக்கும். அதற்குப் பதில் அந்தக் குடும்பத்துக்கு வர வேண்டியதை வாங்கித் தாருங்கள். கணவரை இழந்த தாயின் பிள்ளைக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு, வருமான வரம்புக்குள் வந்தால் 18 வயது வரை கிடைக்கும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். பையனுக்குக் கணக்கு ஒன்றுதான் பாக்கி என்றால் துணைத் தேர்வு எழுதலாம். அது இப்போதைக்கு ஓடாது என்றால், எட்டாவது தேர்ச்சியை வைத்தே சேரக் கூடிய பிரிவுகள் அரசு ஐடிஐகளில் உண்டு, வெல்டர், வயர்மேன் மாதிரி. கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் தருகிறார்கள். ஒரு நடைக்கு 500 என்பதோடு இந்த 750-ஐ ஒப்பிட்டு அவன் சிரிப்பான். சிரிக்கட்டும், நீங்களும் சேர்ந்து சிரியுங்கள், அது நியாயமான கணக்குதான். அவனோடு வாதாடி ஜெயிக்கத் தேவையில்லை. அவனையும் கூட்டிக்கொண்டு போய் ஒருநாள் வெல்டிங் கூடத்தை மட்டும் காட்டிவிட்டு வாருங்கள்.

கொடுத்த ஃபோனைத் திரும்பப் பிடுங்காதீர்கள், அசிங்கமாகிவிடும். மையத்துக்குத் தெரிவித்துவிட்டு, “இது உனக்கு மையம் மூலமா வந்ததுன்னே இருக்கட்டும்” என்று ஒழுங்குபடுத்துங்கள்.

நிறுவனத்திடம் என்ன சொல்வது

எல்லாவற்றையும். திங்கட்கிழமையே. ஒருங்கிணைப்பாளரிடம் நேரில் உட்கார்ந்து, ஃபோன், பணம், சத்தியம், பொட்டலம் என்று வரிசையாகச் சொல்லிவிடுங்கள். உங்களை அவர்கள் நிறுத்தி வைக்கக் கூடும், அப்படிச் செய்தால் கோபப்படாதீர்கள். விதியை மீறியவரை ஒன்றுமே கேட்காமல் விடுகிற இடத்தில் என் பிள்ளையை நான் விட மாட்டேன். ஒருவேளை அவர்கள், “நமக்கெதுக்கு வம்பு, பையனை மையத்திலிருந்து நீக்கிடலாம்” என்றால் மட்டும் விடாமல் எதிர்த்துப் பேசுங்கள். அந்தப் பையன் சனிக்கிழமை மாலை வேறு எங்கே போவான் என்று எல்லாருக்கும் தெரியும்.

அவர்களோடு சேர்ந்து குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடலாம், இல்லையென்றால் நேராக மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போகலாம். போவதற்கு முன்பு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். குழந்தைகளுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வழக்கறிஞர் உண்டு, 15100-ல் கேட்கலாம். நலக் குழுவுக்குக் கொடுக்கும் மனுவில் என்ன எழுதுவது, எதை நேரில் சொல்வது என்பதைப் பையனையும் அம்மாவையும் வைத்துக்கொண்டு அவரோடு முடிவு செய்யுங்கள், நீங்களே உணர்ச்சிவசப்பட்டு மூன்று பக்கம் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பிள்ளையை வைத்துப் போதைப்பொருள் விற்கிற, கடத்துகிற பெரியவருக்கு ஏழு வருடம் வரை கடுங்காவல் உண்டு என்பதும், சட்டத்தின் குறி அவர் மேல்தான் இருக்க வேண்டும் என்பதும் அங்கே பேசும்போது நினைவில் இருக்கட்டும். உங்கள் சொந்த நிலைமையையும் அதே வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், கடிதத்தை மட்டும் படித்துவிட்டு உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது என்று நான் எழுதித் தர முடியாது.

விலகிவிடலாமா?

இப்போது வேண்டாம். எனக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. வக்கீல் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு இல்லத்தில் ஒரு பெண் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தேன். வேலை கூடியது, ஒரு வாரம் விட்டது, இரண்டு வாரம் விட்டது, அப்புறம் போகவே இல்லை. பல மாதம் கழித்து வேறு வேலையாகப் போனபோது வார்டன் ஒரு நோட்டைக் கொடுத்தார். ஒவ்வொரு ஞாயிறும் தேதி போட்டு, ‘மேடம் வரவில்லை’ என்று எழுதி, கீழே தானாகவே பத்து வாக்கியம் எழுதி வைத்திருந்தாள். பதினொரு ஞாயிறு இருந்தது. அந்த நோட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

ஆய்வும் அதையேதான் சொல்கிறது. அமெரிக்காவில் வழிகாட்டிகளை இணைக்கும் பெரிய திட்டம் ஒன்றில், ஒரு வருடமும் அதற்கு மேலும் நீடித்த ஜோடிகளில்தான் பிள்ளைகளுக்கு நல்ல பலன் தெரிந்தது, மூன்று மாதத்துக்குள் அறுந்துபோனவற்றில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பைவிடக் குறைந்தது. நீங்கள் ஒன்றரை வருடம் இருந்துவிட்டீர்கள். பிறகு வேலை மாற்றம், கல்யாணம் என்று போக வேண்டி வந்தால், முன்கூட்டியே அவனிடம் தேதி சொல்லி, இன்னொருவரை அறிமுகம் செய்து வைத்துவிட்டுப் போங்கள்.

அந்தச் சத்தியம் என்ன ஆவது என்று கேட்பீர்கள். மனு போடுவதற்கு முன்னால் அவனிடமே சொல்லிவிடுங்கள், அவன் முதுகுக்குப் பின்னால் எதுவும் நடக்கக் கூடாது. மைதானத்தில், ஆட்டம் முடிந்து ஷூ கழற்றிக்கொண்டிருக்கும்போது சொல்லலாம், முகத்துக்கு நேரே உட்கார வைத்துப் பேசினால் இந்த வயசுப் பையன்கள் மூடிக்கொள்வார்கள். “நான் பண்ணின சத்தியம் தப்புடா. உனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருக்க எனக்கு முடியல. யார்கிட்ட சொல்லப் போறோம்னு நீயும் கூட இருந்து சொல்லு” என்கிற மாதிரி. கத்துவான். இரண்டு சனிக்கிழமை வராமல்கூட இருப்பான். நீங்கள் அதே நேரத்துக்குப் போய் அதே கேரம் போர்டு பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அவனே பொட்டலத்தில் கை வைத்திருக்கிறான் என்று சந்தேகம் வந்தால் போதை மீட்பு உதவிக்கு 14446 இருக்கிறது, அதையும் அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை, இதை இந்த வாரமே முடித்துவிடுங்கள். அவன் படித்த பள்ளியிலிருந்து பிறந்த தேதிச் சான்று, அது கிடைக்காவிட்டால் மாநகராட்சி பிறப்புச் சான்றிதழ், இரண்டில் ஒன்றை வாங்கி இரண்டு நகல் எடுத்து, ஒன்றை அம்மாவிடமும் ஒன்றை மையத்திலும் வையுங்கள். வயதுச் சிக்கல் வந்தால் சட்டம் முதலில் கேட்பது இவற்றைத்தான், ஆதார் அட்டையை அல்ல. வளர்ந்த பையனாக இருக்கிறான், மீசை அரும்பியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மீசையைப் பார்த்து வயது 19 என்று எழுதிவிட்ட தாள்களோடு நான் எத்தனையோ மாலை நேரங்களைக் கழித்திருக்கிறேன்.